பிறகு சிரிப்போம்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்னச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மூச்சு முட்டி, போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட வைக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது இல்லை. பிறகு சிரிப்போம் என்று அம்மா சொல்லியிருந்தாள், அதனால் செண்பா பொறுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு அரை மணி நேரம் பெரிய காரியமா என்ன. அரை மணி என்பது ஃபிளெக்ஸ் கடை சேர்மக்கனி அண்ணாச்சி சொன்ன கணக்கு. "பத்தடிக்கு எட்டடி, மிஷின் பழசு, மெதுவாத்தான் இறக்கும், உக்காரு தாயி" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் தட்டிப் போட்டிருந்தார். மிஷினின் தலை இடமிருந்து வலம் போய், கிர்ர்ரீ என்று முனகி, வலமிருந்து இடம் வந்து, ஒவ்வொரு போக்குக்கும் ஒரு விரல்கடை அளவு அம்மாவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் வெறும் நீல வானம் வந்தது. பிறகு இரண்டு மூலையிலும் மெழுகுவத்திச் சுடர், நடுவில் கண்ணீர் அஞ்சலி. இப்போதுதான் வகிடு ஆரம்பிக்கிறது. அந்த வகிட்டின் இரண்டு பக்கமும் முடி இருக்கிறது, கீமோவுக்கு முந்தின முடி. போன வருஷம் சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ, செண்பாவின் போனில்தான் இருந்தது, அதனால்தான் மாமா அவளைப் பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார். அம்மா நேற்று மத்தியானம் இரண்டேகாலுக்குச் செத்துப்போனாள். இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தெருமுனையில் பேனர் நின்றாக வேண்டும் என்பது வேல்சாமி மாமாவின் பிடிவாதம். மாமா உட்காரவில்லை. கால்களை அகட்டி, முழங்காலை லேசாக மடித்து, மிஷினுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார், அதற்குள்ளிருந்து எந்நேரமும் பந்து வரும் என்பதுபோல. கோல்கீப்பர்களுக்கு வேறு மாதிரி நிற்கவே தெரியாது போலிருக்கிறது. இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் ஹாக்கி மட்டையோடு அலைவார்கள். அவர்களில் ஒருவராக அலைந்து, அதனாலேயே ரயில்வேயில் வேலை வாங்கித் திருச்சிக்குப் போனவர் அம்மாவின் அண்ணன். கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். லெஃப்ட்ல வாறான், லெஃப்ட்ல வாறான், ஆளைப் பாருங்கல! அந்தக் குரலைச் செண்பா எட்டு வயதிலேயே பிடித்துவிட்டாள். கஷ்டமே இல்லை. தொண்டையில் கொஞ்சம் மணலைக் கொட்டிக்கொண்ட மாதிரி நினைத்தால் போதும், வந்துவிடும்.

எல்லாரும் அப்படித்தான் வந்துவிடுவார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் வருவார், காய்கறி வண்டி ரெக்கார்டு வரும், கேஸ் புக் பண்ணினால் பேசுகிற அந்த அவசரமில்லாத பெண் வருவாள். ஒருதடவை பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மிஸ்ட்ரஸாக மாறி, நாளை ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு மட்டும் விடுமுறை என்று அறிவித்து, அந்தப் பிரிவு முழுக்க வீட்டில் படுத்துத் தூங்கிய கதை ஊருக்கே தெரியும். இன்று காலையிலிருந்தும் வந்துகொண்டேயிருக்கிறார்கள், கூப்பிடாமலே. ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் சொன்னதெல்லாம் உள்ளே வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. தபால் ஆபீஸ் சார்வாள்: "கடேசி வரைக்கும் போராடினா பாத்தியளா, அதாம்யா வீரம்." மூன்றாம் வீட்டு அக்கா, மூக்கைச் சிந்தியபடி: "ஜெயிச்சிருவான்னுல்லா நெனச்சேன்." பெங்களூரிலிருந்து வந்த அத்தான், கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு: "அத்தை ஒரு ஃபைட்டர், செண்பா. நீயும் ஃபைட்டரா இருக்கணும்." எல்லாம் அச்சு அசலாக. வாயைத் திறந்தால் யார் வருவார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை, அதனால் நேற்று இரண்டேகாலிலிருந்து வாயை அதிகம் திறக்கவில்லை. அழவும் இல்லை. அழப்போய் அது மூன்றாம் வீட்டு அக்காவின் அழுகையாக வந்துவிட்டால் என்ன செய்வது. எவ்வளவு அசிங்கம். பாவம் பிள்ளை, அதிர்ச்சியில உறைஞ்சு போயிருக்கா என்று பேசிக்கொண்டார்கள். உறையவெல்லாம் இல்லை. உள்ளே ஒரே சந்தை.

முன்னாடி, மேட்டர் எழுதுகிறபோதே சொல்லியிருக்கலாம். அப்போது இடம் இருந்தது. "மேட்டர் என்ன போடணும்ணே?" என்று அண்ணாச்சி ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார், அதில் நம்பர் போட்டு எழுதி வைத்திருக்கிறார். "நாலாம் நம்பர் பாருங்க. காலனோடு கடும்போர் புரிந்து களத்தில் சாய்ந்த குலவிளக்கே. கேன்சருக்கு எல்லாரும் இதான் கேக்காங்க. ஹார்ட் அட்டாக்குன்னா ஏழு, சொல்லாமல் சென்றதேனோ. ஆக்ஸிடென்ட்டுன்னா ஒம்பது." ஹார்ட் அட்டாக்கில் போனவர்கள் யாரும் தோற்பதில்லை, சொல்லாமல் போகிறார்கள், அவ்வளவுதான், முகத்தில் கொஞ்சம் கோபம்கூட இல்லாமல். கேன்சருக்கு மட்டும் இறங்கி ஆடித் தோற்க வேண்டியிருக்கிறது என்று செண்பா நினைத்தாள், நினைத்ததை அண்ணாச்சி குரலிலேயே உள்ளுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். மாமா நோட்டை மூடினார். "அதெல்லாம் வேண்டாம். என் தங்கச்சி சொன்னதையே போடுங்க. எங்கிட்ட கடேசியாச் சொன்னது. செவ்வாக்கிழமை, ஏழு மணி போன்ல." அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக, சிலேட்டில் எழுதச் சொல்லித்தருவதுபோலச் சொன்னார்: "கடைசி நிமிடம் வரை, கோல், விழாது." அண்ணாச்சி தட்டச்சு செய்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "அக்கா ஹாக்கி ஆடுவாங்களோ?" என்று கேட்டார். "ஆட மாட்டா. ஆனா ஆடுனவன் தங்கச்சி." "இந்திராணின்னு கீழ போடுங்க. அவ பேர்லயே வரட்டும்." அப்போது செண்பா வாயைத் திறந்தாள். மாமா திரும்பி, "என்ன தாயி?" என்றார். "தண்ணி வேணும் மாமா" என்றாள். தண்ணீர் வந்தது, குடித்தாள், அண்ணாச்சி பட்டனை அமுக்கினார், மிஷின் கிர்ர்ரீ என்றது. அந்த வரி பேனரின் ஆக அடியில் இருக்கிறது. முகம் வந்து, பேர் வந்து, தோற்றம் மறைவு தேதியெல்லாம் வந்த பிறகுதான் அது வரும். அந்த வரியை அம்மா சொல்லவில்லை. அம்மா அப்போது தூக்கத்தில் இருந்தாள். சொன்னது செண்பா.

முதல் தடவை பங்குனியில். இரண்டாவது கீமோ முடிந்து வந்து, கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் வாளி, அம்மா ஒருக்களித்துப் படுத்து அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு மாமா போன். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து தினம் ஏழு மணிக்கு, டூட்டி முடிந்து மைதானத்துக்குப் போய்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, அந்த மூச்சிரைப்போடேயே கூப்பிடுவார். எல்லாரும்தான் கூப்பிட்டார்கள். விட்டுராத, தைரியமா இரு, எதிர்த்து நில்லு, நீ ஜெயிச்சு வருவ, எனக்குத் தெரியும். போனை வைத்த பிறகு அம்மா அரை மணி நேரம் கண்ணை மூடிக் கிடப்பாள், கீமோவைவிட இதுதான் அலுப்பு என்பதுபோல. அன்றைக்குக் கையை ஆட்டினாள். "என்னால முடியாதுளா. நீ பேசு." "நான் பேசினா உங்கிட்ட குடுன்னு கேப்பாரு." "அப்ப நானாப் பேசு." சொல்லிவிட்டு அம்மாவே ஒருகணம் முழித்தாள், என்ன சொன்னோம் என்று. செண்பாவுக்குச் சொல்லித்தரவா வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் கொஞ்சம் பின்னால் இழுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குரலைப் படியிறங்க விட்டால் அம்மா. "சொல்லுண்ணே." மாமாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. "இந்திரா! என்ன இன்னிக்குக் குரல் தெம்பா இருக்கு!" "ஆமாண்ணே, எந்திரிச்சு உக்காந்திருக்கேன்." அம்மா போர்வையின் முனையை வாயில் திணித்துக்கொண்டாள். "பயப்படக் கூடாது என்னா? முன்னால ஏறி வரணும். கோட்டை விட்டு வெளிய வந்து ஆடணும்." "ஆடிருவோம்ணே." அம்மாவின் தோள் குலுங்கியது. வைத்ததும் செண்பா விழுந்து புரண்டு சிரிக்க, அம்மா தையலைக் கையால் அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "சிரிக்காதளா, சிரிப்புக் காட்டாத, வலிக்குது, உயிர் போவுது, பிறகு சிரிப்போம், எல்லாம் முடியட்டும், அண்ணனையும் உக்கார வச்சு அவன்ட்டச் சொல்லி மொத்தமாச் சிரிப்போம்" என்றாள். அதுதான் ஒப்பந்தம். எல்லாம் முடியட்டும். எது முடிவது என்று அன்றைக்கு இரண்டு பேருமே யோசிக்கவில்லை, அல்லது ஒருத்தி யோசித்திருக்கலாம்.

நெற்றி வந்துவிட்டது. குங்குமப் பொட்டு பாதி. மை வாசனை மண்ணெண்ணெயும் நெயில் பாலீஷும் கலந்தது மாதிரி இருந்தது, அம்மாவுக்கு எந்த வாசனையும் ஆகாது கடைசியில், தாளிக்கிற வாசனைகூட, எலுமிச்சை ஊறுகாய் மூடியை மட்டும் திறந்து மூக்கின் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். இந்த வாசனை அவளுக்கு ஆகாதே என்று செண்பா எழுந்திருக்கப் போனாள், பிறகு உட்கார்ந்தாள். அந்த ஒரு தடவையோடு நின்றிருந்தால் குறும்பு. ஆனால் மறுநாளும் ஏழு மணி வந்தது, அதற்கு மறுநாளும். மாமா மட்டுமில்லை, மாமா கேட்டுச் சொல்லி எல்லாரும் அந்தத் தெம்பைக் கேட்க ஆசைப்பட்டார்கள். ஆவணியில் செண்பா ஒரு நாளைக்கு ஐந்து பேரிடம் அம்மாவாக இருந்தாள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பிடிபட்டுவிட்டது: கொஞ்சம் இருமல், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு, விடமாட்டேன். கேட்டதும் மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் வரும், ஏதோ அவர்களுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதுபோல. கட்டிலில் இருந்தவள் அப்படியொன்றும் சொன்னதில்லை. வலிக்குது என்பாள். ஃபேனை நிறுத்து என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமில்லாமல் அழுவாள், ஏன் ஞாயிறு என்று கேட்டால் தெரியலைளா என்பாள். ஒருதடவை, மதுரை ஆஸ்பத்திரிச் சுவரில் இரண்டு கையையும் உயரத் தூக்கிச் சிரிக்கிற பொம்பளைப் படம் போட்டு வெல்வோம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, சேலையை விலக்கி, தையல் ஓடிய வயிற்றை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, "யாரோடளா சண்டை போடச் சொல்லுதாங்க? இதோடயா? இது என் வயிறுல்லா. இதுக்குள்ளதான நீ கெடந்த. நான் எப்படி இதை எதிர்த்து நிக்க?" என்றாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். செண்பாவிடம் நாற்பது குரல் இருந்தது, ஒன்றுகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் ஏழு மணி வந்தது. "எதிர்த்து நிக்கேண்ணே" என்றாள் செண்பா.

ஒரே ஒன்றுதான் வரவில்லை. அம்மாவின் சிரிப்பு. அது வாயைத் திறக்காமல் மூக்கு வழியே புஸ்ஸென்று கிளம்பும், குக்கர் விசிலடிக்கும் முன்னால் வருமே அதுபோல, பிறகு மூன்று விக்கல், முடிவில் ஒரு எம்மாடி. செண்பா கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவோ செய்து பார்த்தாள். புஸ் வந்தால் விக்கல் வராது, விக்கல் வந்தால் அது விக்கலாகவே வரும். சிரிப்பைச் செய்ய முடியாது போலிருக்கிறது, அது வருகிறபோதுதான் வரும். மாமா கேட்டார், "ஏன் இந்திரா இப்பல்லாம் சிரிக்கவே மாட்டேங்க?" "சிரிச்சா தையல் வலிக்குதுண்ணே." "அதுவும் சரிதான். ஜெயிச்ச பிறகு சிரிச்சுக்கிடுவோம்." எல்லாரும் பிறகுக்கே தள்ளினார்கள் அந்தச் சிரிப்பை.

"கண்ணு வருது" என்றார் மாமா. வந்தது. இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே நேரத்தில், கீழிமை இல்லாமல், மேலிருந்து யாரோ ஷட்டரை இறக்குவதுபோல. மாமா ஒரு அடி முன்னால் போனார். செண்பா கீழே பார்த்தாள், மாமாவின் செருப்பைப் பார்த்தாள், இரண்டும் வேறு வேறு ஜோடி, நேற்று சேலத்தில் அவசரத்தில் மாட்டியது. நேற்று சேலத்தில் ஃபைனல். பதினேழு வயதுக்குட்பட்ட பையன்கள். மாமாவுக்குப் போன் போனபோது இரண்டாம் பாதி ஆரம்பித்திருந்தது, அவர் எடுக்கவில்லை. ஜெயித்த பிறகுதான் எடுத்தார். ஆகவே கப்போடு வந்து இறங்கினார், விடியற்காலையில், வைக்க இடம் தெரியாமல் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் வைத்தார், அது அங்கேயே இருக்கிறது, பித்தளை நிறத்தில், இரண்டு காதோடு. கீழத்தெரு ஆச்சி ஒருத்தி மாலையைப் போட்டுவிட்டு அதைத் தடவிப் பார்த்து, "இது இந்திராணி வாங்கினதா?" என்றாள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அதுவும் சிரிப்புக்கான இடம்தான். அம்மாவிடம் சொல்லணும் என்று செண்பாவுக்கு அந்த நிமிடம் தோன்றியது, சொல்ல வாயெடுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள், கண்ணாடிக்குள் அம்மாவின் மூக்கில் பஞ்சு. புஸ்ஸென்று கிளம்ப வழியில்லை.

செவ்வாய்க்கிழமை. அங்கேதான் வந்து வந்து நிற்கிறது, எங்கே சுற்றினாலும், ஏழாம் நம்பர் டவுன் பஸ் மாதிரி. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வலி மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது, ஒரு கண் பாதி திறந்தபடி தூங்கினாள், மூச்சு ஒவ்வொன்றும் மேலே ஏறி, எதிலோ சேலை மாட்டிக்கொண்ட மாதிரி நின்று, பிறகு விடுபட்டது. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. "இந்திரா, மனசு ஒரு மாதிரி இருக்கு. நான் புறப்பட்டு வரட்டா? மேட்ச்சை வேற யாரும் பாத்துக்கிடுவாங்க." வா என்று ஒரு வார்த்தை. அம்மா குரலில் சொல்லியிருக்கலாம், தன் குரலில் சொல்லியிருக்கலாம், கேஸ் கம்பெனிக்காரி குரலில் சொல்லியிருந்தால்கூடக் கிளம்பி வந்திருப்பார். வந்திருந்தால் முப்பத்திரண்டு கிலோவாகக் கிடக்கிற தங்கச்சியைப் பார்த்திருப்பார், எட்டு மாதமாகத் தன்னோடு பேசியது யார் என்று கேட்டிருப்பார். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று நேற்றிரவு முழுக்க நினைத்திருந்தாள். இப்போது, இந்த வாசனைக்குள் உட்கார்ந்திருக்கிறபோது, அது மட்டுமில்லை என்று தெரிந்தது. போனில் இருந்த அம்மா நன்றாக இருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள், இட்லி இரண்டு தின்றாள், வாசல்வரை நடந்தாள். அந்த அம்மா சாகிற மாதிரி இல்லை. செண்பாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. மாமா வந்தால் அவளும் செத்துப்போவாள். "வராண்டாம்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. நீ மேட்ச்சை முடிச்சுட்டுக் கப்போட வா." "நெசமாத்தான் சொல்லுதியா? தோக்க மாட்டேன்னு சொல்லு பாப்போம்." "தோக்க மாட்டேண்ணே. கடைசி நிமிசம் வரைக்கும் கோல் விழாது." எங்கிருந்து வந்தது அந்த வரி, தெரியாது, நாக்கு அதுவாகப் போட்டது. மறுமுனையில் மாமா விசில் அடித்தார், விரலை வாயில் வைத்து, மைதானத்தில் அடிக்கிற அதே விசில். வைத்தபோது அம்மாவின் திறந்திருந்த பாதிக் கண் அவளைப் பார்த்தது. "என்னதுளா விழாதுன்ன?" என்றாள், ரொம்ப மெல்ல. "ஒண்ணுமில்லம்மா, தூங்கு." தூங்கினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அண்ணனைக் கேட்கவுமில்லை. கேட்டிருப்பாளோ. அந்தப் பாதிக் கண் ராத்திரி வாசல் பக்கம் இருந்ததே, ஒருவேளை அது.

மூக்கு வந்தது, உதடு வந்தது, கல்யாண வீட்டுச் சிரிப்பு, வாய் மூடிய சிரிப்பு. "பாத்தியா, என்ன களை" என்றார் மாமா, யாரிடமும் இல்லாமல். "ஒருக்க மட்டும்தான் என் ஆட்டத்தைப் பாக்க வந்தா. தொண்ணூத்தாறு, இங்கதான், கிருஷ்ணன் கோயில் மைதானத்துல. பாவாடை தாவணியில, தூக்குச் சட்டியில எனக்குச் சோறு. நான் போஸ்டுக்கு நடுவுல பேடெல்லாம் கட்டி நிக்கேன், வலைக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டு, ஏண்ணே எல்லாரும் ஓடி ஆடுதாங்க, ஒன்ன மட்டும் எதுக்குக் கூண்டுக்குள்ள போட்டு வச்சிருக்காங்க, வெளிய வாண்ணே, சோறு ஆறுதுங்கா. அம்பயர் சிரிச்சுட்டான்." மாமாவும் சிரிக்கப் பார்த்தார், முகம் அதற்குப் பாதி வழி போய் வேறு பக்கம் திரும்பிவிட்டது. வளைந்துபோன இடது சுண்டுவிரலால் கண்ணின் ஓரத்தைத் தேய்த்தார். "அப்படி இருந்த பிள்ளை. எட்டு மாசத்துல என்ன வைராக்கியம் வந்துட்டு பாரு. நான் போன் பண்ணி அவளுக்குத் தைரியம் சொல்லுதேன்னு எல்லாரும் நெனச்சாங்க. அவதான் தாயி எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தா. ஏழு மணிக்கு அந்தக் குரலைக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்." இப்போது சொல்லு. சொல்லிவிடு. இல்லை, சொல்லாதே, அந்தச் சோற்றைத் தட்டிவிடாதே. அவரிடம் மிச்சம் இருப்பது அந்தக் குரல்தான், அதையும் பிடுங்கி இந்தா மாமா இது நான் என்று காட்டினால் அவருக்குத் தங்கச்சி இரண்டாவது தடவை சாவாள். ஆனால் சொல்லாமல் விட்டால் அம்மா, அந்த வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்ட அம்மா, ஞாயிற்றுக்கிழமை அழுத அம்மா, பத்துக்கு எட்டு அடியில் தெருமுனையில் நின்றுகொண்டு தனக்குத் தெரியாத ஆட்டத்தைப் பற்றிப் பதினாறாம் நாள் வரைக்கும் பெருமையடிக்க வேண்டும், அதுவும் தோற்றுப்போன பிறகு. மறைவு தேதியைப் போட்டுவிட்டுக் கீழே கடைசி நிமிடம் வரை கோல் விழாது என்று எழுதினால் படிக்கிறவன் என்ன நினைப்பான். விழுந்துவிட்டது என்றுதானே. அம்மா, நீ சொன்னியே உக்கார வச்சுச் சொல்லலாம்னு, எப்படிம்மா சொல்ல, யார் குரலில் சொல்ல. மிஷின் கழுத்துச் சங்கிலியைத் தாண்டிவிட்டது. அமரர் என்ற எழுத்தின் தலை தெரிந்தது. அந்த வரிக்கு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்.

அப்போதுதான் அவள் மடியில் போன் அடித்தது. அவளுடையதில்லை, அம்மாவுடையது, பட்டன் வைத்த பழைய போன், காலையில் இருந்து சுடிதார் பாக்கெட்டில் கிடந்தது, ஏன் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எட்டு மாதமாக அந்த மணிச் சத்தத்துக்குப் பழகிய கை, யோசனைக்கு முன்னாலேயே பட்டனை அமுக்கியது. நாக்கு மேலண்ணத்தில் கொஞ்சம் பின்னால் போனது. "சொல்லுங்க மதினி" என்றாள் அம்மா.

சாத்தூர் வெயிலாட்சி அத்தை. சொந்தமெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டில் பத்து வருஷம் குடியிருந்து சாத்தூருக்குப் போனவள், காது மந்தம், அதனால் எப்போதும் ஊருக்கே கேட்கும்படி பேசுவாள். எட்டு மாதத்தில் போராடு என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவள் அவள் மட்டும்தான். கூப்பிட்டால் சாயங்கால சீரியலில் என்ன நடந்தது என்று கேட்பாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா சொல்லியிருப்பார் என்று சித்தியும், சித்தி சொல்லியிருப்பாள் என்று அப்பாவும் விட்டிருப்பார்கள். "இந்திரா! ஏன் ரெண்டு நாளாப் போனைக் காணோம்? உடம்புக்கு எப்படி இருக்கு?" ஸ்பீக்கர் போடாமலே கடை முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். வைத்துவிடு, செண்பா, வைத்துவிடு. நான் செண்பா பேசுதேன் அத்தை என்று சொல். தொண்டை வழியாக வந்தது அவள் இல்லை. "இப்பப் பரவால்ல மதினி." "வலி இருக்கா?" "இல்ல மதினி. இப்ப வலியே இல்ல." பொய்யில்லையே என்று எங்கோ ஒரு மூலையில் ஆச்சரியமாக நினைத்தாள். எட்டு மாதத்தில் இந்தக் குரலில் சொன்ன முதல் உண்மை. "மருந்தெல்லாம் ஒழுங்காப் போடுதியா?" "விட்டுட்டேன் மதினி. எல்லாத்தையும் விட்டுட்டேன்." மறுமுனையில் ஒரு திகைப்பு. பிறகு, நிஜமாகவே பதறிப்போய், கடை அதிர, "சீரியலையுமா?" என்றாள் வெயிலாட்சி அத்தை.

புஸ்ஸென்று கிளம்பியது. வாயை மூடிக்கொண்டாள், அதனால் அது மூக்கு வழியே வந்தது. பிறகு ஒரு விக்கல், இன்னொரு விக்கல், மூன்றாவது வயிற்றிலிருந்து, எதுவும் வரவழைக்காமல், கண்ணாடி இல்லாமல், தானாக. கண்ணிலிருந்து கொட்டியது. நாற்காலியிலிருந்து நழுவி, அந்தப் பழைய மிஷினின் தகரத்தில் முதுகைச் சாய்த்து, போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எம்மாடி" என்றாள்.

நிமிர்ந்தபோது மாமா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சுற்றுமுற்றும் பார்த்திருக்க வேண்டும், வாசலை, பேனரை, ஏனென்றால் கழுத்து இன்னும் பாதி அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அகட்டி நின்ற கால்கள் மெல்ல ஒன்றுசேர்ந்தன. அவர் முகத்தில் ஏழு மணிப் போன்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போவதைச் செண்பா பார்த்தாள். ஐப்பசி, புரட்டாசி, ஆவணி, பங்குனி. அடிப்பார் என்று நினைத்தாள். அடிக்கட்டும். போனுக்குள் வெயிலாட்சி அத்தை இந்திரா இந்திரா என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். மிஷின் இந்திராணி என்ற பெயரை முடித்துவிட்டு, தேதிகளை இறக்கிவிட்டு, அடுத்த வரிக்காகத் தாளை இழுத்தது.

"அண்ணாச்சி," என்றார் மாமா, கரகரப்பே இல்லாத ஒரு குரலில், செண்பா இதுவரை பிடிக்காத குரல் அது, "மிஷினை நிறுத்துங்க." நின்றது. அவர் குனிந்தார், அவளுக்கு எதிரே, மை சிந்திய தரையில் முழங்காலை ஊன்றினார், வளைந்த சுண்டுவிரலோடு கையை நீட்டினார், போனை வாங்கவில்லை, அந்தக் கையை அவள் தலையில் வைத்தார்.

"அவ கோல்னா சொல்லுவா? கூண்டுன்னுல்லா சொல்லுவா."